விளக்கு எரிகிறது, பில் யார் பெயரில்?

"அக்காவுன் அத்தாஸ் நாமா சியாப்பா?"

மின்சாரக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. நம்மோடு வந்திருந்த தோட்டத்து மக்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அந்த விளக்கு வெளிச்சத்தில் சோறு சாப்பிட்டவர்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். கல்யாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் அதே கரண்டில் பந்தல் விளக்கு கட்டியவர்கள். ஆனால் கணக்கில் அவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. கணக்கு தோட்டத்தின் பெயரில் இருந்தது. தோட்டமோ கைமாறிவிட்டது.

"கணக்கில் பெயர் இல்லாதவர்களுக்கு விவரம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை" என்றார் அந்தப் பெண். அவர் மேல் நமக்கு வருத்தம் இல்லை. விதி அப்படி. வெளியே வந்து கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கரண்டு நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு. ஆனா நாம யாருன்னு கரண்டுக்காரனுக்குத் தெரியவே தெரியாது போல."

அந்தப் பெரியவர் சொன்ன அந்த வார்த்தைதான் இந்த வாரம் நம்மை எழுத வைத்தது. விலைவாசி, சம்பளம், போனஸ் பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். வீட்டுக்குள் வரும் தண்ணீரையும் வெளிச்சத்தையும் எந்தச் சட்டம் காக்கிறது, அந்தச் சட்டம் நம் வாசல்வரை வருகிறதா என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. இன்று பேசுவோம்.

பதினோரு இரவு

நடந்தது இதுதான். மூன்று வரிசை லயம், 28 வீடுகள். பழைய கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டது. புது முதலாளி வந்தார். பழைய கிராணி மாற்றலாகிப் போனார். ஆபீஸ் கதவு வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்தது. கைமாறிய சமயத்தில் மின்சார பில் கட்டப்படவில்லை. பழையவர் புதியவர் கட்டுவார் என்றார். புதியவர் பழையவர் பாக்கி என்றார். நோட்டீஸ் ஆபீசுக்கு வந்திருக்கிறது. லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கரண்டு நின்றது.

கரண்டு நின்றால் விளக்கு மட்டுமா போகும்? மேட்டில் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மின்சார மோட்டார். மறுநாள் விடியற்காலையில் பீலியும் காய்ந்துவிட்டது. இனிப்பு நீர் வியாதிக்கு ஊசி போடும் ஒரு பாட்டி, மருந்தை ஐஸ்பெட்டியில் வைத்திருந்தார். அதைப் பேரன் மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு தாமானில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓடினான். அதன் பிறகு தினமும் ஊசி போடப் பாட்டியே அங்கு போய் வந்தார். எஸ்.பி.எம். எழுத வேண்டிய பெண்பிள்ளை ஒன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டது. இது பத்து வருஷத்துக்கு முந்திய கதை அல்ல. சென்ற ஆண்டு நடந்தது.

மூன்றாம் நாள் ஒரு இளைஞர் நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, வயர் வேலை தெரிஞ்ச பையன் இருக்கான். ராத்திரியோட ராத்திரியா போஸ்ட்டுலேர்ந்து இழுத்துக் குடுத்துடுவான்." வேண்டவே வேண்டாம் என்று தடுத்தோம். மின்சாரத்தைத் திருடுவது 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. அதோடு, நியாயம் நம் பக்கம் இருக்கும்போது குற்றத்தை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வானேன்?

இந்தக் கடை இல்லாவிட்டால் அந்தக் கடை?

ஒரு கடையில் கருவாடு விலை கூடினால் பக்கத்துக் கடைக்குப் போகிறோம். ஒரு டெலிபோன் கம்பெனி சரியில்லை என்றால் சிம் அட்டையை மாற்றுகிறோம். வியாபாரிக்கு நம் மேல் ஒரு பயம் இருக்கிறது. இவன் போய்விட்டால் அடுத்தவனிடம் வாங்குவான் என்ற பயம். அதற்குத்தான் போட்டி என்று பெயர்.

கரண்டுக்கும் தண்ணீருக்கும் அப்படி உண்டா? இல்லை. தெருவில் ஒரு வரிசைக் கம்பிதான் ஓடுகிறது. மண்ணுக்குள் ஒரு குழாய்தான் புதைத்திருக்கிறது. நாலு கம்பெனி நாலு குழாய் புதைத்தால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விடியும். ஆகவே ஒரு ஊருக்கு ஒரு கம்பி, ஒரு குழாய் என்பது தவிர்க்க முடியாதது. அதற்கு ஏகபோகம் என்பார்கள். ஏகபோகக்காரனுக்கு வாடிக்கையாளன் ஓடிவிடுவான் என்ற பயம் இல்லை. அந்தப் பயத்தின் இடத்தில் வேறொன்று நிற்க வேண்டும். அதுதான் சட்டம். விலையை இஷ்டம்போல் ஏற்றாதே, முன்னறிவிப்பு இல்லாமல் வெட்டாதே, கேட்டவனுக்குக் காரணம் சொல் என்று கட்டுப்படுத்துவது அதன் வேலை.

போட்டி இருக்கும் இடத்தில் நம் கால் நம்மைக் காப்பாற்றும். அடுத்த கடைக்கு நடந்து விடலாம். போட்டி இல்லாத இடத்தில் சட்டம்தான் காப்பாற்ற வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரவாங்கில் தொடங்கிய வெளிச்சம்

இந்த நாட்டில் மின்சாரத்தின் கதை நம்மவர் ஒருவரோடு தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1894-ல் சிலாங்கூர், ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும். அதன் பிறகு அங்கங்கே தனித்தனிக் கம்பெனிகள் முளைத்தன. 1900-ல் ரவூப் தங்கச் சுரங்கக் கம்பெனி செம்பாமில் நீர்மின் நிலையம் கட்டியது. பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி 1926-ல் உருவாகி, 1930-ல் செண்டரோ அணையிலிருந்து ஈயச் சுரங்கங்களுக்குக் கரண்டு கொடுத்தது. சுரங்கத்துக்கும் பட்டணத்துக்கும் வெளிச்சம் வந்தது. லயத்துக்கு மண்ணெண்ணெய் விளக்குதான்.

1949 செப்டம்பர் 1-ல் மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965-ல் அது லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆனது. நம் பெரியவர்கள் இன்றும் "எல்.எல்.என்." என்றே சொல்கிறார்கள். தனிக் கம்பெனிகளை வாரியம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. பேராக் கம்பெனி 1982-ல் உள்ளே வந்தது. 1990 செப்டம்பர் 1-ல் வாரியம் தெனாகா நேஷனல் என்ற கம்பெனியாக மாறி, 1992-ல் பங்குச் சந்தைக்கும் போனது.

வாரியமாக இருந்தவரை அரசாங்கமே கடைக்காரன், அரசாங்கமே கங்காணி. கம்பெனி ஆன பிறகு அது சரிப்படாது. லாபம் பார்க்கும் கம்பெனியை மேற்பார்க்க ஒரு சட்டம் வேண்டும். அதற்குத்தான் 1990-ல் மின்சார விநியோகச் சட்டம் வந்தது. 2001-ல் எரிசக்தி ஆணையச் சட்டம் வந்து, சுருஹான்ஜாயா தெனாகா என்ற ஆணையம் அமைந்தது. லைசென்ஸ் கொடுப்பது, கட்டணத்தைப் பரிசீலிப்பது, புகார் விசாரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கட்டணத்துக்குக் கடைசி அனுமதி மந்திரியிடம்.

போட்டி எங்கே வந்தது?

போட்டி வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

1992 செப்டம்பர் 29-ல் தீபகற்பம் முழுக்க இருட்டாகியது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மின்சார உற்பத்தி போதவில்லை, தனியாரும் உற்பத்தி செய்யட்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 1993-ல் ஒய்.டி.எல். நிறுவனத்துக்கு முதல் லைசென்ஸ் கிடைத்தது. ஒப்பந்தம் 21 ஆண்டு. பின்னால் மற்றக் கம்பெனிகளும் வந்தன. ஆனால் அந்த முதல் ஒப்பந்தங்கள் ஏலம் விட்டுக் கொடுத்தவை அல்ல, பேசிக் கொடுத்தவை. கரண்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குறிப்பிட்ட தொகையைத் தெனாகா கொடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. நாள் கூலிக்காரனிடம் "மழை பெய்தாலும் பேர் உண்டு, வெயில் அடித்தாலும் பேர் உண்டு" என்று எந்தத் துரையாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அந்தக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள்.

கம்பெனிகள் பல என்பதாலேயே போட்டி வந்துவிடாது என்பதற்கு இது பாடம். பிற்பாடு ஏல முறை வந்தது. 2012-ல் பிறை மின்நிலையம் ஏலத்தின் வழியாகத்தான் கொடுக்கப்பட்டது. 2016 முதல் பெரிய சூரிய சக்தி நிலையங்களுக்கும் ஏலம் விட்டார்கள். உற்பத்தியில் இப்படிப் போட்டி வளர்ந்தது. கம்பியிலும் பில்லிலும் வளரவில்லை. வீட்டுக்காரரும் தமக்குப் பிடித்த கம்பெனியிடம் கரண்டு வாங்கலாம் என்ற திட்டத்தை 2019-ல் அரசாங்கம் அறிவித்தது. அது வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. 2024-ல் வந்த திட்டம், பெரிய கம்பெனிகள் பசுமை மின்சாரத்தை நேரடியாக உற்பத்தியாளரிடம் வாங்கி, தெனாகாவின் கம்பியில் கொண்டுவர வழிவிட்டது. பெரியவனுக்குத் தேர்வு கிடைத்தது. சின்னவனுக்குப் பழைய கம்பிதான்.

2010-ல் நாட்டுக்குப் பொதுவாகப் போட்டிச் சட்டம் ஒன்று நிறைவேறி, 2012-ல் அமலுக்கு வந்தது. கடைக்காரர்கள் கூடிப் பேசி விலை ஏற்றினால் பிடிக்கும் சட்டம் அது. ஆனால் எரிசக்தி ஆணையத்தின் கீழ் வரும் தொழில்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ஆணையமே பார்க்க வேண்டும். ஆணையத்தின் கடமைகளில் இது ஒன்று: போட்டியை வளர்க்க வேண்டும், போட்டி இல்லாத இடத்தில், ஏகபோகக்காரர் தம் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்க வேண்டும். நாம் மேலே சொன்ன அதே நியாயம்தான். சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது.

தண்ணீருக்கும் அதே கதை

தண்ணீர் வெகுகாலம் மாநில அரசாங்கத்தின் சொத்தாக இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி, ஒரு விலை. சிலாங்கூரில் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு கம்பெனி, வேறு ஆலைக்கு வேறு கம்பெனி, வீட்டுக்கு விநியோகம் செய்ய 2005-லிருந்து இன்னொரு கம்பெனி என்று பிரித்துக் கொடுத்தார்கள். பெயருக்கு நாலு கம்பெனி. வீட்டுக்குக் குழாய் ஒன்றுதான். மாநிலமும் கம்பெனிகளும் வருஷக்கணக்கில் வழக்காடி, பேரம் பேசி, கடைசிக் கம்பெனியையும் 2019-ல் மாநிலத்தின் ஆயேர் சிலாங்கூர் வாங்கி முடித்தது. பிரித்ததைத் திரும்ப ஒட்ட எவ்வளவு பாடு!

இதற்கிடையில் 2005-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தண்ணீர் விநியோகத்தை மத்திய அரசும் மாநில அரசும் பொதுவாகப் பார்க்கும் பட்டியலில் சேர்த்தார்கள். 2006-ல் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டம் நிறைவேறி 2008 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் அமலானது. அதை நடத்தும் ஆணையத்துக்கு ஸ்பான் என்று பெயர். 2024 பிப்ரவரி 1-ல் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் கூடியதே, அந்த அறிவிப்பும் ஸ்பான் வழியாக வந்ததுதான்.

மூன்றாவது ஏகபோகம்

இப்போது லயத்துக்குத் திரும்புவோம். கம்பிக்கு ஒரு ஏகபோகம், குழாய்க்கு ஒரு ஏகபோகம். இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சட்டமும் ஆணையமும் இருக்கின்றன. ஆனால் தோட்டத்தில் மூன்றாவது ஒருவர் நடுவில் நிற்கிறார். அவர்தான் நிர்வாகம். கம்பி ஆபீஸ் மீட்டரோடு நிற்கிறது. அங்கிருந்து லயத்துக்கு வருவது தோட்டத்துக் கம்பி. குழாயும் அப்படியே. மின்சாரச் சட்டத்தின் கண்ணுக்கு வாடிக்கையாளர் நிர்வாகம்தான். லயத்தில் இருக்கும் 28 குடும்பமும் வாடிக்கையாளர் அல்ல. ஆகவே கவுன்டரில் அந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் இல்லாமல் போனது.

சின்ன வயதில் நாம் வளர்ந்த தோட்டத்தில் இன்ஜின் விளக்குதான். சாயங்காலம் ஏழு மணிக்கு இன்ஜின் தட்டுவார்கள். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பத்தடிக்க ஐந்து நிமிடம் முன்னால் விளக்கு ஒருமுறை மினுக்கும். அம்மா "பாய போடு" என்பார். அன்று வெளிச்சம் நிர்வாகத்தின் கையில் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று 24 மணி நேரமும் விளக்கு எரிகிறது. ஆனால் சுவிட்ச் இன்னும் ஆபீசில்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் நமக்குச் சட்டமே இல்லையா? உண்டு. அது வேறு கதவு. 1966-ல் இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 1990-ல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. 446-ஆம் சட்டம் என்பார்கள். 2019-ல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி, அந்த வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். போதுமான மின்சாரம் கிடைக்கச் செய்ய வேண்டும். வீட்டைப் பழுது பார்த்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கவனியுங்கள்: தண்ணீருக்கு "இலவசம்" என்ற வார்த்தை இருக்கிறது. மின்சாரத்துக்குப் "போதுமான" என்ற வார்த்தைதான் இருக்கிறது. சம்பளத்தில் "தண்ணிக் காசு" என்று பிடித்தால் உடனே கேள்வி கேளுங்கள். எந்தப் பிடித்தமாக இருந்தாலும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அனுமதிக்க வேண்டும்.

ஒரு விசித்திரம் பாருங்கள். தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 446. மின்சார விநியோகச் சட்டம் 447. இரண்டும் 1990-ல் வந்தவை. சட்டப் புத்தகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் ஒரு வீட்டுப் புகாரை இன்னொரு வீட்டில் கொடுக்க முடியாது. 447-க்கு எரிசக்தி ஆணையம். 446-க்குத் தொழிலாளர் இலாகா. நம் ஜனங்கள் ஐந்து நாளை மின்சாரக் கவுன்டரில் கழித்தது கதவு மாறித் தட்டியதால்தான்.

பெயர் உள்ளவரும் பெயர் இல்லாதவரும்

ஆறாம் நாள் தொழிலாளர் இலாகாவுக்குக் கடிதம் கொடுத்தோம். இலாகா இரு தரப்பையும் கூப்பிட்டது. அங்கேதான் உண்மையான சிக்கல் வந்தது.

28 வீட்டில் 17 வீட்டில்தான் செக்ரோலில் பெயர் உள்ள ஆள் இருக்கிறார். மீதி 11 வீட்டில் இருப்பவர்கள் வேலை ஓய்ந்த பெரியவர்கள், விதவைகள், பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போகும் குடும்பங்கள். 446-ஆம் சட்டம் முதலாளிக்கும் அவரிடம் வேலை செய்யும் தொழிலாளிக்கும் நடுவே உள்ள சட்டம். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய பாட்டிக்கு, வேலை முடிந்த மறுநாளே அந்தக் குடை சுருங்கிவிடுகிறது. கணக்கில் பெயர் இல்லாததால் 447-ஆம் சட்டமும் அவரை அறியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே திண்ணையில் நிற்கிறார்.

நிர்வாகத்தின் ஆள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "வேலை செய்கிற 17 வீட்டுக்கும் நாளைக்கே கரண்டு கொடுக்கிறோம். மற்ற 11 வீட்டின் இணைப்பைக் கழற்றிவிடுகிறோம். அவர்கள் எங்கள் பொறுப்பு இல்லை" என்றார். அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மௌனமானார்கள். ஒன்பது நாள் இருட்டில் கிடந்தவனுக்கு நாளைக்கே வெளிச்சம் என்றால் மனம் தடுமாறத்தானே செய்யும்? யாரையும் குறை சொல்ல நாம் தயாராக இல்லை.

அன்று ராத்திரி கோயில் முன்னால் கூடினார்கள். பேசியது பெண்கள்தான். வெளிக்காட்டு வேலை செய்யும் ஒரு அம்மா எழுந்தார். "என் மாமியார் ரெண்டாவது லயத்துல இருக்கு. அது பேரு செக்ரோல்ல இல்ல. அது பெத்த புள்ள பேரு இருக்கு. அது வீட்ல இருட்டு, என் வீட்ல லைட்டா? அந்த லைட்டுல நான் சோறு திங்கணுமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் விவாதம் இல்லை. 28 வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது, இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவானது.

பதினோராம் நாள் சாயங்காலம் புது முதலாளி பாக்கியைக் கட்டினார். 28 வீட்டிலும் விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. நோட்டீஸ் எது வந்தாலும் மறுநாளே பெரட்டுக் களத்தில் ஒட்டுவது என்றும், வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வைப்பதைப் பற்றிப் பேசுவது என்றும் எழுதிக் கையெழுத்தானது. தனி மீட்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. வயரிங் பழசு. பதிவு பெற்ற மின்சார ஒப்பந்தக்காரர் அதைப் புதுப்பிக்க வேண்டும். செலவு யாருடையது என்பதில் பேச்சு நிற்கிறது. நிலம் முதலாளியுடையது; அவர் சம்மதக் கடிதமும் வேண்டும். விட்டுவிடவில்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெயர் இருந்தால் என்ன லாபம்?

"நிர்வாகம் கட்டுகிறது, நமக்கென்ன? தனி மீட்டர் வைத்தால் நாமே அல்லவா கட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேலையில் இருக்கும்வரை 446-ஆம் சட்டத்தின் சலுகையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; மீட்டர் வந்தாலும் இலவசத் தண்ணீர் முதலாளியின் கடமைதான். ஆனால் வேலை ஓய்ந்தவருக்கும் தாமானுக்குக் குடிபோனவருக்கும் பெயர்தான் உரிமை. சில உதாரணங்கள் சொல்கிறோம்.

வீட்டுக் கட்டணம் படிக்கட்டு போன்றது. குறைவாகச் செலவழித்தால் விலை குறைவு. கூடினால் விலையும் கூடும். ஏழை வீட்டுக்கு உதவச் செய்த ஏற்பாடு அது. சிலாங்கூரில் 2006 நவம்பரிலிருந்து 2024 ஜனவரி வரை இருந்த தண்ணீர்க் கட்டணத்தைப் பாருங்கள். முதல் 20 கன மீட்டருக்கு 57 சென். அடுத்த 15-க்கு 1 வெள்ளி 3 சென். அதற்குமேல் 2 வெள்ளி. ஒரு குடும்பம் 18 கன மீட்டர் பிடித்தால் பில் 10 வெள்ளி 26 சென். மூன்று குடும்பம் மூன்று மீட்டரில் பிடித்தால் மொத்தம் 30 வெள்ளி 78 சென். அதே மூன்று குடும்பம் ஒரே வீட்டு மீட்டரில் 54 கன மீட்டர் பிடித்தால் 64 வெள்ளி 85 சென். அதே தண்ணீர், அதே வாய்கள். இரண்டு மடங்குக்குமேல் பில். தாமானில் ஒரு வீட்டின் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு குடும்பத்தை வைத்திருப்பவர்கள் இதை யோசியுங்கள். இப்போது விலை மாறிவிட்டது. படிக்கட்டு மாறவில்லை.

மின்சாரத்திலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. 2025 ஜூலை 1-ல் வந்த புதுக் கட்டணத்தில், மாதம் 600 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் இல்லை. எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் கூடிக் குறையும் தொகையும் இல்லை. அந்தக் கோடு ஒரு மீட்டருக்கு ஒன்று. 28 வீடு ஒரே மீட்டரில் இருந்தால் வீட்டுக்கு வீடு அந்தக் கணக்கைப் பார்க்க வழியில்லை. பரம ஏழைகளுக்கு 2019-ல் தொடங்கிய மாதம் 40 வெள்ளி வரையிலான தள்ளுபடியும் மின்சாரக் கணக்கின் வழியாகத்தான் வீடு வந்து சேர்கிறது. கணக்கே இல்லாதவருக்கு அது எந்த வழியாக வரும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

தாமானில் இருப்பவர்கள் முதலில் பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரிலேயே பில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ நமக்குத் தெரியும். பழைய வீட்டுக்காரர் பெயரிலும் வரும். மரணப் பத்திரம் அல்லது வாடகைக் கடிதம், அடையாள அட்டை எடுத்துப் போய்ப் பெயரை மாற்றுங்கள். முன்பணம் கேட்பார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கணக்கை மூடும்போது அது உங்கள் காசு. வீட்டைக் காலி செய்தால் கணக்கையும் மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவன் எரிக்கும் விளக்குக்கு நீங்கள் கடனாளி.

பில்லில் குறை இருந்தால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். பதில் திருப்தி இல்லை என்றால் மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையம், தண்ணீருக்கு ஸ்பான்.

லயத்தில் இருப்பவர்கள் மீட்டர் எங்கே இருக்கிறது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பில் கட்டியாயிற்றா என்று ஆபீசில் கேட்டு வையுங்கள். தோட்டம் விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே கேளுங்கள். தண்ணீரோ கரண்டோ நின்றால் நேரே தொழிலாளர் இலாகா. கூடவே சங்கத்துக்கு ஒரு போன். வேலை ஓய்ந்தவர்கள் வீடுகளை ஒரு பட்டியலாக எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது அந்தப் பட்டியல் மேஜைமேல் இருக்க வேண்டும். சட்டம் மறந்த அந்தப் பெயர்களை நாமும் மறந்துவிடக் கூடாது.

டீக்கடையில் அந்தப் பெரியவர் சொன்னதற்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்று ஒன்று சொல்லலாம். ஐயா, நீங்கள் யாரென்று கரண்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது லயத்துக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கி, உங்கள் பெயர் உங்கள் பில்லில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.